விரல் பார்த்த தாள்

நான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை பார்த்தவன். அட்டெண்டன் என்று பெயர். வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பேன். மாவுத் துணியை நனைத்துப் பிழிந்து டாக்டர் கையில் கொடுப்பேன். அவர் எலும்பை இழுக்கும்போது மேல் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்வேன். கட்டுப் போட்டு முடிந்ததும் தரையைக் கழுவுவேன். கட்டுப் பிரிக்கிற நாளில் பெரிய கத்தரியால் வெட்டுவதும் நான்தான்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மலாய் பேசுவேன், இந்த ஊரில் அது பேசாமல் முடியாது. இங்கிலீஷில் சில வார்த்தைகளைப் படத்தைத் தெரிந்துகொள்வதுபோலத் தெரிந்துவைத்திருந்தேன். அப்படித் தெரிந்ததில் ஒன்று ‘குட்’. படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் அதுதான் அதிகம் இருக்கும்.

பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறியும். அந்த இடத்தில் ரத்தக் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டிக்கொண்டு போகின்றன. எலும்பை இடத்தில் வைப்பது பாதி வேலை. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது மீதிப் பாதி. உள்ளே வீங்கினால் கட்டு இறுகும். இறுகினால் ரத்தம் போகாது. ஒரு பகல் அப்படியே விட்டால் சதை செத்துவிடும். செத்த சதை பிறகு சுருங்கி, விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அந்தக் கை கைதான், ஆனால் எதற்கும் ஆகாது.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பிள்ளையின் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. அப்போது தேக்கா பக்கம், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இருந்தேன். பலகை அடித்துப் பிரித்த அறைகள். அடுத்த அறையில் ஒரு குடும்பம். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், விடியுமுன் போய்விடுவார். அந்தம்மா வீட்டோடு இருந்து நாலு பேருக்குச் சோறாக்கிக் கொடுத்தது. ஒரே பெண். ஏழு வயது. என்னை மாமா என்று கூப்பிடும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தம்மா மருதாணி கேட்டது. ஆஸ்பத்திரிக் குசினிக்குப் பின்னால் வேலியோரம் ஒரு செடி நின்றது. ஒரு காகிதப் பை நிறைய இலை பறித்து வந்து கொடுத்தேன். அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி மாதிரி வைத்து, துணியால் கட்டி, பிள்ளையைப் படுக்கவைத்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளை வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது.

“மாமா, எப்படிப் புடிச்சிருக்கு பாத்தீங்களா? எதிர்வீட்டுப் புள்ளைக்கு இவ்ளோ புடிக்கல.”

நகமும் நகத்தைச் சுற்றிய சதையும் நல்ல சிவப்பு. மருதாணி பிடிக்கிற உடம்பு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அன்று பகலில் சந்துப் பிள்ளைகள் லோங்காங்கைத் தாண்டி விளையாடியிருக்கின்றன. பெரிய சாக்கடை அது, மழைத் தண்ணீர் போக வெட்டியது. பெண்பிள்ளை தாண்டாது என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். இது தாண்டியது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தும்விட்டது. கையை ஊன்றி விழுந்தது. வலது கை.

அந்தம்மா டிரைஷா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் தூக்கிக்கொண்டு நான் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே வந்தது. எக்ஸ்ரே படம் எடுக்க நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். முழங்கை வாத்துக் கழுத்து மாதிரி வளைந்திருந்தது. மயக்கம் கொடுத்து டாக்டர் இழுத்தார். நான் மேல்கையைப் பிடித்தேன். எலும்பு உட்கார்ந்தது கையில் தெரிந்தது. முழங்கையை நன்றாக மடக்கி, அக்குள் வரைக்கும் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே. மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடமும் கட்டுக்குள்ளே போய்விட்டது. அது அன்றைய வழக்கம். ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

மணிக்கு ஒருமுறை விரலைப் பாருங்கள் என்று டாக்டர் வார்டில் சொல்லிவிட்டுப் போனார். சார்ட்டிலும் அப்படி எழுதினார். பிறகு அந்தம்மாவை வெளியே அனுப்பினார்கள். மாலையில் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அதிகம் அழும் என்பது அவர்கள் கணக்கு.

மிஸ்ஸி ஒரு சீனப் பெண். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல பெண், வேலைக்குப் பயந்தது. அன்று தீபாவளிக்கு முதல் நாள் என்பதால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் லீவு. அந்தப் பெண் ஒன்றே வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி சுமாருக்கு என்னைக் கூப்பிட்டது. பிள்ளை ஓயாமல் அழுகிறது, என்ன என்று கேட்டுச் சொல் என்றது.

போனேன். மிஸ்ஸி நகத்தை அழுத்திப் பார்த்தது. அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். அதுதான் சோதனை. அழுத்தும்போதும் சிவப்பு. விட்டாலும் சிவப்பு. மிஸ்ஸி மருதாணியைப் பார்த்ததில்லை. ஏதோ சாயம் பூசியிருக்கிறது என்றுகூட நினைக்கவில்லை, அத்தனை இயல்பாகப் பிடித்திருந்தது. வெளுக்காததைக் கவனிக்கவில்லை, சிவப்பைப் பார்த்து ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டது. நான் பார்த்தேன். அது மருதாணி என்று எனக்குத் தெரியும். இலை பறித்தவன் நான். ஆனால் மருதாணி சிவப்பு வேறு, ரத்தச் சிவப்பு வேறு என்பது அந்த நிமிஷம் என் புத்தியில் ஏறவில்லை. சிவப்பாக இருக்கிறதே என்றுதான் இருந்தேன்.

விரலை ஆட்டச் சொல் என்றது மிஸ்ஸி. சொன்னேன். கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. நிமிர்த்திப் பார்ப்போம் என்று நானே ஒரு விரலைப் பிடித்து நிமிர்த்தினேன். பிள்ளை வீறிட்டது.

“வேணாம் மாமா. உள்ள இழுக்குது. கட்டை அவுத்து விடுங்க மாமா.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தது. ஏன் கத்துகிறது என்று மலாயில் கேட்டது. நான் சொன்னேன், ஒன்றுமில்லை, மஞ்சா, தாயைத் தேடுகிறது என்று. மஞ்சா என்றால் செல்லம் கொடுத்த பிள்ளை. ஒரே பிள்ளை, ஊசி போட்டாலே ஊரைக் கூட்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். மிஸ்ஸி சிரித்தது. சார்ட்டில் எழுதியது. ‘குட்’.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து போய்விட்டேன். அடுத்த நாள் எனக்கு லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டேன். மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் அந்தம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றது. முகம் தெளிவாக இருந்தது.

“அழுகை நின்னுருச்சு அண்ணே. பேசாமப் படுத்திருக்கா. வலிக்குதாடின்னு கேட்டேன், இல்லேங்குறா.”

நல்லது என்றேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தம்மா கொடுத்த முறுக்கைத் தின்றேன். வலி நின்றால் நரம்பு செத்துப்போனதாகவும் இருக்கலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அதற்கு மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும் வார்டுக்குத்தான் போனேன். பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. தேக்கா சந்தில் வளர்கிற பிள்ளைக்கு மலாய் தெரியாமல் இருக்குமா. நான் மிஸ்ஸியிடம் சொன்னது அதற்கு விளங்கியிருக்கிறது.

விரல்கள் உருண்டையாக வீங்கியிருந்தன. தொட்டேன், வாளித் தண்ணீரில் போட்டெடுத்ததுபோலச் சில்லென்று இருந்தன. நிமிர்த்தினேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நான் தொடுவதே அதற்குத் தெரியவில்லை. நகம் மட்டும் நல்ல சிவப்பு.

அப்போது விளங்கியது.

காலை மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னேன். இது வேறு மிஸ்ஸி. சார்ட்டை எடுத்துக் காட்டியது. மணிக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் ‘குட்’. இரண்டு பகல், இரண்டு இரவு, ஒரு வார்த்தை மாறவில்லை. பார்க்காமல் எழுதவில்லை, பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் நகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

அட்டெண்டன் கட்டை வெட்ட முடியாது. டாக்டர் சொல்ல வேண்டும். டாக்டரைத் தேடிப் போனேன். ஆபரேஷன் அறை வாசலில் நின்றேன். அவர் வெளியே வர நேரமானது. வந்ததும் கையைப் பிடித்து இழுத்தேன் என்றுதான் நினைக்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் எந்த டாக்டரையும் நான் தொட்டதில்லை. அவர் வந்து பார்த்தார். கத்தரி என்றார். நான் வெட்டினேன். மேலிருந்து கீழ் வரைக்கும் கட்டைப் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டினேன். கை மரக்கட்டை மாதிரி இருந்தது. அழுத்தினால் விரல் பதியவில்லை.

உள்ளே இறுக்கம் குறையட்டும் என்று அன்றே தோலைத் திறந்து விட்டார்கள். சதை வெளுத்துப்போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். எலும்பு மட்டும் அழகாகக் கூடியது. படத்தில் பார்த்தால் முறிந்த இடமே தெரியாது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் மாவுக்கட்டு அறைக்கு வந்தார். சீனர், இளம் வயது, சீமையில் படித்துத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. சார்ட்டைக் கையில் வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்படி எல்லாரும் குட் என்று எழுதினார்கள் என்று மலாயில் கேட்டார். அதட்டவில்லை. அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மருதாணியைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. செடி வரைக்கும் அழைத்துப்போய்க் காட்டினேன். ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். ஸ்பிரிட்டால் துடைத்தால் போகுமா என்று கேட்டார். போகாது என்றேன்.

“எத்தனை நாள் இருக்கும்?”

“நகம் வளந்து போற வரைக்கும் துவான்.” துவான் என்றால் ஐயா.

அப்புறம் நான் சொன்ன மஞ்சாவையும் சொன்னேன். விரலை நிமிர்த்தியபோது பிள்ளை கத்தியது, உள்ளே இழுக்கிறது என்று சொன்னது, நான் அதை மிஸ்ஸியிடம் சொல்லவில்லை, என் வாயால் வேறொன்றைச் சொன்னேன் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை எழுத அதில் இடம் இல்லை. பேனாவை மூடிவிட்டார்.

அந்தம்மாவிடமும் சொன்னேன். மறைத்து வைக்க முடியவில்லை. மாடிப்படியில் நின்று சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டது. கையில் இருந்த அரிசிச் சுளகைக் கீழே வைக்கவில்லை. பிறகு உள்ளே போனது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, கிளினிக்குக்கு எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டது. வேறு யாரிடம் கேட்க முடியும்.

டாக்டர் ஒரு தாள் தயார் செய்தார். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். முழங்கை முறிந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனித் தாள். ‘குட்’ என்று ஒரே வார்த்தையில் எழுத முடியாதபடி அதைச் செய்யப்போகிறேன் என்றார். நிறத்துக்கு ஒரு கட்டம். சூட்டுக்கு ஒரு கட்டம். மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று ஒரு கட்டம். வலி எங்கே என்று ஒரு கட்டம், விரலை நிமிர்த்தினால் வலி கூடுகிறதா என்று அதை விடப் பெரிய கட்டம். தொட்டால் தெரிகிறதா என்பது விரல் விரலாக. நாடி கட்டுக்குள் போய்விட்டதா, அப்படியானால் அந்த இடத்தில் ஜன்னல் வெட்டு என்று அடியில் எழுதினார். நகத்தில் சாயம் இருந்தால் நிறத்தை நம்பாதே என்று சிவப்பு மையில் ஒரு வரி. அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டினார்.

நரம்பைப் பார்க்கிறதுதான் கஷ்டம். ஒவ்வொரு நரம்புக்கும் ஓர் அசைவு உண்டாம். பெரியவர்களிடம் சொன்னால் செய்வார்கள். பயந்துபோன பிள்ளை விரலை நீட்டு என்றால் கையை இழுத்துக்கொள்ளும். என்ன செய்யலாம் என்று கேட்டார். எனக்கு ஒன்று தோன்றியது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும், சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை, யார் முதலில் ஆடுவது என்று பார்க்க ஓ-பே-சோம் போடுவார்கள். சொல்லிக்கொண்டே கையை நீட்ட வேண்டும். மூடிய கை கல். விரித்த கை தண்ணீர். விரல் நுனிகளைக் குவித்தால் குருவி. டாக்டரும் சின்ன வயதில் போட்டவர்தான். என் முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். கல்லுக்கு இந்த நரம்பு, தண்ணீருக்கு இந்த நரம்பு, குருவிக்கு இது என்று எண்ணினார். ஒன்று குறைகிறது என்று விரல்களை விசிறி மாதிரி அகட்டுவதையும் சேர்த்தார். கல், தண்ணீர், குருவி என்று மூன்று சின்னப் படமும் தாளில் வரைந்தார். குருவி வாத்து மாதிரி இருந்தது. அதை நான் சொன்னதற்கு, “மருந்து எழுதற கைலா, படம் இப்படித்தான் வரும்” என்றார்.

அவரிடம் ஒன்று கேட்டேன். பிள்ளை என்ன சொல்லிற்று என்பதற்கு ஒரு கட்டம் போட முடியுமா என்று. பிள்ளை சொன்னதை அதன் பாஷையிலேயே, தாயோ அட்டெண்டனோ கேட்டபடியே. யோசித்தார். போட்டார். ஆனால் அட்டெண்டன் தாளில் எழுதக் கூடாது என்று வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டார். வேண்டுமானால் மிஸ்ஸியிடம் சொல்லட்டும், மிஸ்ஸி எழுதட்டும் என்றார். தமிழ்ப் பிள்ளை தமிழில் சொல்லும், நான் மலாயில் சொல்வேன், மிஸ்ஸி இங்கிலீஷில் எழுதும். சரி என்றோம்.

ஸ்டென்சில் போட்டுக் கட்டுக் கட்டாகத் தாள் அடித்து வந்தது. கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. மிஸ்ஸிகள் பிள்ளைகளோடு கல், தண்ணீர் போட்டார்கள். வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு தடவை கட்டைச் சீக்கிரமே பிளந்தோம். அந்தக் கைகள் இறுகித்தான் போயிருக்குமா, சும்மாவே நன்றாக இருந்திருக்குமா, யாருக்குத் தெரியும்.

பிறகு டாக்டருக்கு மாற்றல் வந்தது. வேறு ஆஸ்பத்திரி. போகும்போது தாள் கட்டு ஒன்றை அலமாரியில் வைத்து, தீர்ந்தால் ஆபீஸில் கேள் என்று என்னிடம் சொன்னார். அட்டெண்டன் கேட்டால் ஆபீஸில் யார் கொடுப்பார்கள்.

தாள் தீர்வதற்கு முன்னாலேயே அது செத்துவிட்டது. கட்டங்கள் அதிகம், பிள்ளைகள் அதிகம், மிஸ்ஸிகள் குறைவு. முதலில் ஓ-பே-சோம் நின்றது. பிறகு ஷிப்ட் முடியும்போது ஒரே உட்காரலில், ஒரே பேனாவால், எட்டு மணி நேரத்துக்கும் சரி சரி என்று கோடு போட ஆரம்பித்தார்கள். முன்பு மணிக்கு ஒரு ‘குட்’ எழுதினார்கள். இப்போது மணிக்குப் பத்துக் கோடு. பிள்ளை சொன்னது என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வார்த்தை. அழுகிறது.

நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆளுக்கு இரண்டு கைதான்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். முழங்கைக் கட்டோடு எந்தப் பிள்ளை வார்டுக்குப் போனாலும், தரை துடைக்கிற சாக்கில் போய் விரலைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு கையையும் தொடுவேன். கட்டு உள்ள கையில் விரலை மெல்ல நிமிர்த்துவேன். சந்தேகமாக இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்வேன். ஒரு தடவை ஒரு மிஸ்ஸி சொன்னது, “நீ எப்பலா டாக்டர் ஆன? சம்பளம் ஏத்தினாங்களா?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த தடவை நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அந்தம்மா ஒவ்வொரு மாதமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வரும். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடங்கின. மணிக்கட்டை மடக்கினால் விரல் நிமிரும், மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல் மடங்கும். இரண்டும் ஒன்றாக நிமிராது. தகரப் பட்டை வைத்து இழுத்துக் கட்டினார்கள். சூடான மெழுகில் முக்கி எடுத்தார்கள். முதல் ஆபரேஷனில் சதையை எலும்பிலிருந்து கீழே இறக்கினார்கள். ஓர் ஆறு மாதம் கொஞ்சம் திறந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடித்தது. அந்தம்மா அந்தத் தம்ளரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டியது. பிறகு பிள்ளை வளர்ந்தது. எலும்பு நீண்டது, சதை நீளவில்லை. திரும்ப மூடிக்கொண்டது. இரண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் தம்ளர் இல்லை.

வெந்நீரோ அடுப்போ பட்டால்கூடத் தெரியாது. விரல் நுனியில் கொப்புளம் வந்த பிறகுதான் தாய்க்குத் தெரியும். பிள்ளை இடது கையால் எழுதப் பழகியது. இடது கையால் சாப்பிடுவதற்குத்தான் வீட்டில் அழுகை. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று அதற்கப்புறம் எந்தப் பந்திக்கும் போகவில்லை. தீபாவளிக்கு மருதாணி வைப்பதை அந்தம்மா விட்டுவிட்டது. இடது கைக்கு மட்டும் வைக்கலாமே என்று பிள்ளை ஒரு வருஷம் கேட்டது.

கிளினிக்கிலிருந்து போகும்போதெல்லாம் அந்தம்மா மாவுக்கட்டு அறைக் கதவருகே வந்து நிற்கும்.

“நிமிருமா அண்ணே?”

பார்ப்போம் என்பேன். நிமிராது என்று எனக்கு இரண்டாம் வருஷமே தெரியும்.

அறுபதுகளின் நடுவில் அவர்கள் சந்து வீட்டை விட்டு அரசாங்க வீட்டுக்குப் போனார்கள், குவீன்ஸ்டவுன் பக்கம். பிள்ளைக்கு அப்போது பதினாலோ பதினைந்தோ. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். உயரமாக வளர்ந்திருந்தது. வலது கையை எப்போதும் ஒரு கைக்குட்டையால் மூடி, புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கும். என்னை மாமா என்று கூப்பிடும். அந்த நாளைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை.

கடைசியாக வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நானும் உள்ளே நின்றேன். வழக்கமாக டாக்டர் சொல்வதை மலாயிலிருந்து தமிழாக்கி அந்தம்மாவிடம் சொல்வதற்காக நிற்பேன். டாக்டர் புதியவர். அவசரப்படாதவர். கைக்குட்டையை எடுக்கச் சொன்னார். இரண்டு கையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். கண்ணை மூடு என்று சொல்லிவிட்டு ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். தெரிகிறதா, தெரிகிறதா. கட்டைவிரல் தெரியவில்லை. ஆள்காட்டி விரல் தெரியவில்லை. நடுவிரல் பாதி. நகத்தை அழுத்தி, வெளுத்துத் திரும்பச் சிவக்கிற வரைக்கும் வாய்க்குள் எண்ணினார். மற்றக் கையிலும் எண்ணினார். தன் புறங்கையால் இரண்டு கையையும் தொட்டுச் சூடு பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, எங்கே நிற்கிறது என்று ஒரு பித்தளை அளவுகோல் வைத்து அளந்தார். மூடு, விரி, குவி, அகட்டு என்றார். பார்த்ததை எல்லாம் சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் மிஸ்ஸி எழுதிக்கொண்டே வந்தது. எதையும் விடவில்லை. இரண்டு பக்கம் நிறைந்தது.

ஒரு முழங்கைப் பிள்ளைக்கு அத்தனை சரியாகப் பதிவு எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் பேனாவை வைத்ததும் நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். என் உதவி தேவைப்படவில்லை. பிள்ளையே இங்கிலீஷில் கேட்டது. நீளமாகக் கேட்கவில்லை. டாக்டர் அதன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அதுவும் நீளமில்லை. பிள்ளை தலையாட்டியது. பிறகு தாயின் பக்கம் திரும்பியது.

“இனி செய்யறதுக்கு ஒன்னும் இல்லையாம்மா. வர வேணாமாம்.”

அந்தம்மா என்னைப் பார்த்தது. பிள்ளை ஒரு கையால் கைக்குட்டையைப் பிரித்து வலது கைமேல் போட்டது. தாய் உதவப் போனது. வேண்டாம் என்று தள்ளிக்கொண்டது. எழுந்து, நாற்காலியைத் திரும்ப மேஜைக்குள் தள்ளிவைத்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர்களோடு நடக்கலாம் என்று நினைத்தேன். மிஸ்ஸி கூப்பிட்டுப் பிள்ளையின் தாள்கள் அடங்கிய கோப்பை என் கையில் கொடுத்தது. முடிந்த கோப்புகளைப் பதிவறைக்குக் கொண்டுபோவது அட்டெண்டன் வேலை. கனமாக இருந்தது. எட்டு வருஷத்துத் தாள். படி இறங்கும்போது அடியில் இருந்த பழைய சார்ட் வெளியே நழுவியது. உள்ளே தள்ளினேன். பதிவறைக் கிளார்க் வாங்கி, திரும்ப வருமா என்று கேட்டான். வராது என்றேன். முத்திரை குத்தி மேல் அடுக்கில் போட்டான். மாவுக்கட்டு அறையில் ஒரு பையன் முறிந்த கணுக்காலோடு காத்திருந்தான். வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.